முப்பத்து நான்கு வீட்டிலும் மிக நன்று

வீட்டு ஆளை வீதியில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது எங்கள் குடும்பத்தின் எழுதாத சட்டம். என் தம்பி சூசைராஜ் வாலிப வயதில் ஒரு மார்கழிக் காலையில் குடித்துவிட்டு மாதா கோயில் வாசலில் விழுந்து கிடந்தான். எங்கள் தகப்பனார் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தார். எதிரில் வந்தவர்கள் எல்லாரிடமும், "வெயில் மயக்கம்" என்றார். பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. அன்றிலிருந்து நாற்பது வருடமாக, அந்தச் சம்பவத்தை ஊர் நம்பிவிட்டது என்றே நான் நினைத்திருந்தேன்.

நான் அருளப்பன். கொடைரோடு ஸ்டேஷனில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து, ஸ்டேஷன் மாஸ்டராக ஓய்வு பெற்றவன். திண்டுக்கல்லில் புளிமண்டிச் சந்தில் எங்கள் தகப்பனார் கட்டிய வீட்டில் இருக்கிறேன். அந்தச் சந்தில் மொத்தம் முப்பத்து நான்கு வீடு. கடைசி வீட்டில் தம்பி சூசைராஜ் இருக்கிறான். அவன் குடியை விட்டு வெகுகாலம் ஆகிறது.

இரண்டாயிரத்து ஆறாம் வருடம் ஆடி மாதத்தில் சிக்குன்குனியா வந்தது. காய்ச்சல் மூன்று நாளில் போய்விடும். மூட்டுவலி மூன்று மாதம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும். சந்தில் பாதிப் பேர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். பால்காரர் சைக்கிளில் ஏற முடியாமல் தள்ளிக்கொண்டே வந்தார். அவர் பால் ஊற்றி முடிக்கும்போது காப்பி நேரம் கடந்து சாப்பாட்டு நேரம் வந்திருக்கும்.

என் மகன் ஆனந்த்ராஜ் சுகாதார ஆய்வாளர். எங்கள் சந்தும் சேர்த்துப் பதினொரு தெரு அவன் பொறுப்பு. தொட்டிகளில் கொசுப்புழு மருந்து ஊற்ற அவனுக்குக் கொடுத்திருந்தது மூன்றே தினக்கூலி மஸ்தூர்கள். அதிலும் ஒருவருக்குக் காய்ச்சல். ஆகவே அந்த நாட்களில் யார் அரசாங்கத்தை என்ன சொன்னாலும் அது என் மகனைச் சொன்னதாகவே என் காதில் விழுந்தது. சொல்லுக்கும் குறைவில்லை. முக்கு டீக்கடையில் நாலு பேர் சேர்ந்தால் அரசாங்கம் தூங்குகிறது என்று பேச்சு நடக்கும். நான் போய் நின்றால் பேச்சு நின்றுவிடும். "மழை வருமா மாஸ்டரே?" என்று யாராவது கேட்பார்கள். ஜனங்களுக்கு மனக்குறை ஒன்றும் இல்லை, பொழுது போகாமல் பேசுகிறார்கள் என்று நானும் திரும்பி வந்துவிடுவேன்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் முற்பகலில் அந்தப் பெண் வந்தது. கையில் அட்டை, அதில் செருகிய படிவங்கள்.

"வணக்கம் சார், என் பேர் ஷப்னம். காலேஜ்ல சமூகப்பணி படிக்கிறேன். காய்ச்சல் விஷயத்துல அரசாங்கம் எடுத்த நடவடிக்கை எப்படி இருக்குன்னு வீடு வீடா கேக்குறோம்."

"யார் கேட்கச் சொன்னது?"

"மேல இருந்து சொல்லிருக்காங்க சார். டவுன்ல எல்லாத் தெருவுலயும் எடுக்குறோம். மிக நன்று, நன்று, பரவாயில்லை, மோசம். இந்த நாலுல ஒண்ணு நீங்க…"

"மிக நன்று."

"கேள்விய இன்னும் முடிக்கல சார்."

"முடித்தாலும் அதுதான் பதில்."

எழுதிக்கொண்டது. அடுத்த கேள்வி, வீட்டுத் தொட்டியைப் பணியாளர்கள் வந்து சோதித்தார்களா என்பது. எங்கள் கொல்லையில் தகப்பனார் கட்டிய சிமெண்டுத் தொட்டி இருக்கிறது. நெஞ்சளவு உயரம், முகப்பில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு என்று வருடம் பொறித்திருக்கும். குழாயில் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும் என்பதால் அதை நிறைத்து வைப்போம். மஸ்தூர்கள் இரண்டு முறை டார்ச் லைட்டோடு வந்தார்கள். ஆய்வாளர் வீட்டிலேயே சோதனையா என்று நான் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டேன். ஆனந்த்ராஜிடம் சொல்லவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

"சோதித்தார்கள் என்று போடும்மா" என்றேன்.

அந்தப் பெண் கிளம்பியது. நல்ல வெயில். படிக்கிற பிள்ளை தன்னந்தனியாக முப்பத்து மூன்று வாசல் ஏறி இறங்குவதை எங்கள் சந்து பார்த்துக்கொண்டிருந்தது என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது. குடையை எடுத்துக்கொண்டேன்.

"பரவால்ல சார், நானே போயிருவேன்."

"நாய் இருக்கிறது" என்றேன். இருந்தது. அதற்கும் அப்போது கடிக்கிற தெம்பு இல்லை.

பக்கத்து வீடு அப்துல் ஜப்பார் பாயுடையது. பிரியாணிக் கடை வைத்திருக்கிறார். முழங்காலில் துணியைச் சுற்றி, காலை ஸ்டூல் மேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். அவர் சம்சாரம் நஜ்முன்னிசா தைலம் தேய்த்துக்கொண்டிருந்தது. ஷப்னம் கேள்வியைக் கேட்டது. பாய் அந்தப் பெண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் குடையைப் பார்த்தார்.

"மிக நன்று" என்றார்.

"கால் எப்படி இருக்குங்க பாய்?"

"அதுவும் மிக நன்று. எழுதிக்கம்மா." எழுந்திருக்கப் பார்த்து, "யா அல்லா" என்று மறுபடி உட்கார்ந்தார்.

அடுத்தது இட்லிக்கடை பேச்சாயி. சந்தில் வாய்க்குப் பேர் போனது. அதன் வாசலில் மட்டும் எனக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது.

"எழுதிக்க தாயி, ரொம்ப நல்லாருக்கு" என்றது பேச்சாயி, கரண்டியைக் கூடக் கீழே வைக்காமல். "இந்த ஐயா மகன் பாக்குறப்ப என்ன கொற?"

"தண்ணி ஒழுங்கா வருதாம்மா?"

"வருது."

"எத்தன நாளைக்கு ஒருக்கா?"

பேச்சாயி என் பக்கம் ஒரு பார்வை பார்த்தது. "வர்றப்ப வருது."

இப்படியே கடைசி வரை போனோம். சூசைராஜ் வாசலிலேயே காத்துக்கொண்டு நின்றான். "மிக நன்றுக்கு மேல ஏதாச்சும் இருக்கா பாப்பா?" என்று கேட்டான். இல்லை என்றது அந்தப் பெண். "அப்ப அதையே ரெண்டு தடவ போட்டுக்க" என்றான். முப்பத்து நான்கு வீட்டில் முப்பத்து நான்கும் மிக நன்று. நான் ஒருவரையும் இப்படிச் சொல், அப்படிச் சொல் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை எந்த மாதா முன்னாலும் சொல்வேன். சாயங்காலம் ஒரு கிலோ ஜிலேபி வாங்கி வந்தேன். மருமகள் அறிவுச்செல்வி, "என்ன மாமா விசேசம்?" என்று கேட்டது. ஊரே உன் புருஷனை மெச்சுகிறது என்றேன். "மெச்சுறாங்களா?" என்று கேட்டுவிட்டு ஒரு ஜிலேபியைப் பிய்த்து வாயில் போட்டது. அந்தக் கேள்வியில் ஏதோ இருந்தது. ஜிலேபி சூடாக இருந்ததால் நான் கவனிக்கவில்லை.

ஆறாம் நாள் மத்தியானம் ஆனந்த்ராஜ் வந்தான். செருப்பைக் கழற்றாமலே நின்றான்.

"அந்தக் காலேஜ் பொண்ணுகூட குடை பிடிச்சுக்கிட்டுப் போனது யாருப்பா?"

"நான்தான்."

அவன் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்தான். "ரெண்டு மாசமா எழுதிக் கேட்டுக்கிட்டிருக்கேன்ப்பா, வாரம் ஒரு லாரி தண்ணி குடுங்க, ஜனங்க தொட்டியக் கொட்டிக் கழுவுவாங்கன்னு. பன்னெண்டு நாளைக்கு ஒருக்கா தண்ணிய விட்டுட்டு, வாரா வாரம் கொட்டுங்கன்னு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது? கடைசியில, எந்தத் தெருவுல கொற அதிகமோ அந்தத் தெருவுக்கு லாரின்னு முடிவு பண்ணித்தான் இந்தக் கணக்கெடுப்பே நடந்துச்சு. தறிக்காரத் தெருவுல எல்லாரும் மோசம்னு கத்திருக்காங்க. லாரி அங்க போகுது."

"நம் சந்தில் ஜனங்கள் திருப்தியாக…"

"ஆபீசரும் அதத்தான் கேக்குறாரு. ஒன் தெரு ஜனமே மிக நன்றுங்குது, நீ மட்டும் கொற கொறன்னு எழுதுற, பொய்த் தகவலான்னு. மெமோ டைப் அடிச்சு ரெடியா இருக்கு. கெஞ்சிக் கூத்தாடி ஞாயித்துக்கெழம மறுபடி ஒருதரம் எடுக்கச் சொல்லிருக்கேன். அதுலயும் இப்படியே வந்தா, மெமோவ வாங்கிட்டு நான் வீட்டுக்கு வர வேண்டியதுதான்."

எங்கள் குடும்பத்தில் குடித்தவன் உண்டு. பொய்யன் என்று எழுத்தில் பேர் வாங்கியவன் கிடையாது. உடனே எழுந்து ஜப்பார் பாய் வீட்டுக்குப் போனேன்.

"பாய், உண்மையைச் சொல்லும். அன்றைக்கு ஏன் மிக நன்று என்றீர்?"

"கல்யாண வீட்டுக்காரர் பந்தி வாசல்ல நின்னு சாப்பாடு எப்படின்னு கேக்குறாரு. சாம்பார்ல உப்பு இல்லன்னு ஒருத்தனாச்சும் சொல்லுவானா மாஸ்டரே? நீர் குடையோட வந்து நிக்கிறீரு. ஒம்ம மகன் பாக்குற வேலை. நான் வேற என்னத்தச் சொல்ல?"

"முப்பத்து மூன்று வீடுமா அப்படி?"

"நாய்கிட்டக் கேட்டிருந்தா அதுவும் மிக நன்றுன்னுதான் கொலச்சிருக்கும்."

நஜ்முன்னிசா உள்ளே சிரிக்கும் சத்தம் கேட்டது. நான் சிரிக்கவில்லை. "ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டை விட்டு வெளியே வரமாட்டேன். எல்லாரும் உள்ளதைச் சொல்லட்டும்" என்றேன்.

பாய் தலையை ஆட்டினார். "நீர் வெளிய வரலேன்னா சன்னல் வழியா பாக்குறீருன்னு நெனப்பாங்க. கொறய சொன்னா ஆனந்துக்குத் தலகுனிவு, மாஸ்டர் குடும்பத்தோட பேச்சுவார்த்த அறுந்துபோகும்னுதான் ஜனத்துக்குப் பயம். மொதல்ல ஒம்ம வாயால வரணும். எல்லாரும் கேக்குற மாதிரி."

"என் மகன் வேலை பார்க்கிற ஆபீசை நானே வீதியில் நின்று மோசம் என்பதா?"

"வேண்டாம்னா விடும். மெமோ மிக நன்றா இருக்கும்."

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் அறிவுச்செல்வி வெஞ்சனத்தை வைத்துவிட்டு எதிரில் நின்றது. "மாமா, மோசம்னு சொன்னா அவருக்கு லாரி வரும். மிக நன்றுன்னு சொன்னா மெமோ வரும். எது வீட்டுக்கு மானமோ அதச் சொல்லுங்க" என்றது. பிறகு, "கத்திரிக்காய் ஆறிப்போகுது" என்றும் சொன்னது. சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, வெள்ளை வேட்டி சட்டையோடு சந்து முக்குக்குப் போனேன். குடையை எடுக்கவில்லை. தண்ணீர் வராத பொதுக்குழாய்க்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு ஷப்னம் உட்கார்ந்திருந்தது. ஆனந்த்ராஜ் எதிர்ச் சுவரோரம் தள்ளி நின்றான். ஜனம் நொண்டி நொண்டி வந்து சேர்ந்தது. யாரும் மேசைப் பக்கம் போகவில்லை. எல்லாரும் மழை வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் மேசைக்கு முன்னால் போய் நிமிர்ந்து நின்றேன். பிளாட்பாரத்தின் இரண்டு கோடிக்கும் கேட்கிற குரல் எனக்கு இன்னும் இருக்கிறது.

"கேளம்மா."

"அரசாங்கத்தோட நடவடிக்கை எப்படி சார் இருக்கு?"

என் மகன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருமுறை கனைத்துக்கொண்டேன்.

"மோசம்" என்றேன். "பதினொரு தெருவுக்கு மூன்று ஆள். பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர். தொட்டியைக் கொட்டு என்கிறார்கள். கொட்டிவிட்டு எதைக் குடிப்பது? மோசம் என்று பெரிதாகவே எழுது."

ஷப்னம் எழுதி முடித்துவிட்டு அடுத்த கேள்விக்கு வந்தது. அதை நான் மறந்தே போயிருந்தேன்.

"உங்க வீட்டுத் தொட்டியப் பணியாளர்கள் சோதிச்சாங்களா சார்?"

வேறு வழி தெரியவில்லை. "இல்லை."

"ஏன் சார்?"

"வந்தார்கள். நான் விடவில்லை."

ஆனந்த்ராஜ் சுவரை விட்டு நகர்ந்து வந்தான். "என்னது?"

"இரண்டு முறை வந்தார்கள். இரண்டு முறையும் விடவில்லை" என்றேன் அதே குரலில். பாதிச் சொல்லி மீதியை விழுங்குவதில் என்ன கௌரவம்?

முதலில் சிரித்தது பேச்சாயி. "அடி ஆத்தே! மார்கழி மாசத்துல வெயில் மயக்கம்னு சொன்ன குடும்பத்துல, இப்பத்தான் ஒரு உண்மை வீதிக்கு வந்துருக்கு!"

சந்தே சிரித்தது. எனக்குத் தெரியாத சின்னப் பிள்ளைகள் கூடச் சிரித்தார்கள். அந்தக் கதை இத்தனை வருடமாக வீட்டுக்கு வீடு உயிரோடு இருந்திருக்கிறது. ஒருவரும் என் முகத்துக்கு நேரே ஒரு சொல் சொன்னதில்லை. அவமானப்படுவதா, நன்றி சொல்வதா என்று எனக்கு அப்போது தீர்மானிக்க நேரமில்லை. ஏனென்றால் அதற்குள் மேசையைச் சுற்றிக் கூட்டம் மொய்த்துவிட்டது.

"தாயி, அன்னைக்கு எழுதுனத அடிச்சுரு. வர்றப்ப வருதுன்னா எப்ப வருது? நடுச்சாமத்துல கால் மணி நேரம் வருது. முட்டு மடக்க முடியாம நான் அடிபம்புகிட்ட உக்காந்து அழுகுறேன்."

"புகை மருந்து வண்டி எங்க தெருவுக்குள்ள வரவே இல்ல. முக்குல நின்னு ரெண்டு தும்மு தும்மிட்டுப் போயிருச்சு."

"செத்த வழி விடுங்கப்பா, நான் நிக்க முடியாதவன்" என்று ஜப்பார் பாய் முன்னால் வந்தார். "எழுதும்மா. சிக்குன்குனியான்னா கோழியில இருந்து வருதுன்னு ஜனம் நெனைச்சுக்கிட்டிருக்கு. ரெண்டு மாசமா சிக்கன் பிரியாணி விக்கல. ஒரு ஆட்டோல மைக்கக் கட்டி, கோழிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு சொல்ல ஒரு ஆள் இல்ல. இது மிக மிக மோசம்."

"மிக மிக மோசம்னு கட்டம் இல்லங்க பாய்."

"பக்கத்துல போட்டுக்கம்மா. எடம் இருக்கு பாரு."

படிவத்தில் இடம் போதாமல் அந்தப் பெண் பின்பக்கம் திருப்பி எழுதியது. டீக்கடையில் நான் போய் நின்றதும் நின்றுபோன பேச்செல்லாம் சேர்ந்து ஒன்றரை மணி நேரம் ஓடியது. அதில் என் மகன் பேர் சொல்லி ஒருவரும் குறை சொல்லவில்லை என்று நான் எழுதினால் அது பொய்யாகும். இரண்டு பேர் சொன்னார்கள். ஒருவர், அவன் மருந்து ஊற்றும்போது சட்டையில் தெளித்துவிட்டான் என்றார். ஆனந்த்ராஜ் அதையும் எழுதச் சொன்னான்.

புதன்கிழமை லாரி வந்தது. தூறல் போட்டுக்கொண்டிருந்தது, வானத்துத் தண்ணீரையும் லாரித் தண்ணீரையும் சேர்த்தே பிடித்தோம். எங்கள் கொல்லைத் தொட்டியின் அடைப்பை ஆனந்த்ராஜ் தன் கையால் பிடுங்கினான். அடித்தண்ணீரில் புழு நெளிந்ததைப் பார்க்க டார்ச் லைட் தேவைப்படவில்லை. அவன் விளக்குமாற்றை என் கையில் கொடுத்தான். தகப்பனார் பொறித்த வருட எண்களுக்கு நடுவில் இருந்த பாசியைக்கூட விடாமல் தேய்த்தேன்.

குடத்தோடு வரிசையில் நின்றபோது ஜப்பார் பாய் கேட்டார்: "ஆனந்த் சொன்னான் மாஸ்டரே, முப்பத்து மூணு வீடு மோசம், ஒரு வீடு மட்டும் மிக நன்றாமே? யாரு அந்தப் புண்ணியவான்?"

எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே தெரிந்து, கடைசி வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டுவிட்டும் வந்திருந்தேன். சூசைராஜ் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து என்னைக் கோபமாகப் பார்த்தான். "வீட்டு ஆள வீதியில விட்டுக்கொடுக்கலாமாண்ணே? அப்பா என்னய எப்படித் தூக்கிட்டு வந்தாரு? ஒனக்கு மறந்துபோச்சு, எனக்கு மறக்கல. அந்தப் பொண்ணு ராத்திரி வரைக்கும் கேட்டாலும் மிக நன்றுதான்" என்றான்.

வரிசையில் எல்லாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேச்சாயி குடத்தை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு, "யாருங்கய்யா அது?" என்றது.

தூறல் என் கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைத்துவிட்டு, கடைசி வீட்டுப் பக்கம் பார்க்காமல் நிமிர்ந்து நின்றேன்.

"வெயில் மயக்கம்" என்றேன்.

ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.